கப்பல் ரோட்டைக் கடந்த நேரம்

லாரி டிரைவர் லாலனின் கையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கியது நீங்கள்தான். கம்ப்யூட்டர் மேல் பழியைப் போடாதீர்கள். அவர் திருடவில்லை என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அவர் பெயருக்கு நேரே இருக்கும் சிவப்புக் குறியை அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட ஆசிரியர் விடமாட்டார். போகட்டும். கல்கத்தாவில் சால்ட் லேக் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, கிழக்கு இந்தியா முழுக்க ஓடும் லாரிகளைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். "வாராவாரம் யாரையாவது திட்டுகிறீர்கள், கொஞ்சம் நல்லதாகவும் எழுதக் கூடாதா அம்மா?" என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இந்த வாரம் நல்லதும் இருக்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்த இரண்டு காட்சிகளைச் சொல்லப் போகிறேன். திட்டு நடுநடுவே வரும். அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

பாலம் எழுந்தது

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக: கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் லாரி ஏற்பாடு பார்க்கிறவள் நான். கப்பலில் வந்த கன்டெய்னர் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது, அதை எந்த வண்டி ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது என்பது என் தலைவலி. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் கல்கத்தாதான். டிரைவர்களுக்கு நான் தீதி, அதாவது அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கிடர்பூரில் ஒரு பாலம் இருக்கிறது. துறைமுகத்துக்குள் கப்பல் போகிற வாய்க்காலின் மேல் ரோடு போகிறது. கப்பல் வந்தால் அந்த ரோடு இரண்டாகப் பிளந்து வானத்தைப் பார்த்து எழும். பஸ், ஆட்டோ, கைவண்டி, லாரி எல்லாம் இரண்டு பக்கமும் நிற்க வேண்டியதுதான்.

பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகுதான் பாலம் எழும். ஆனால் நதியில் கடல் தண்ணீர் ஏறும் நேரம் பகலில் விழுந்துவிட்டால் பகலிலும் எழும். நதிக்கு ஆபீஸ் நேரம் கிடையாது.

அன்று மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. துர்கா பூஜைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.

எங்கள் பேட்டையில் இது ஒரு வழக்கம். பாலம் எழுந்தால் எல்லோரும் இன்ஜினை அணைப்பார்கள். முதலில் முன்னால் நிற்கிற பஸ், பிறகு அதற்குப் பின்னால் நிற்கிற லாரி, அப்படியே வரிசையாக அணைந்துகொண்டு போகும். அணைக்காமல் வைத்திருந்தால் பக்கத்து வண்டிக்காரர் திட்டுவார். டீசல் சத்தம் ஓய்ந்ததும் காக்கை கத்துவது கேட்கும். பக்கத்துக் கடையில் கடுகெண்ணெயில் பஜ்ஜி பொரிகிற சத்தம் கேட்கும். எல்லோரும் இறங்கிவிடுவார்கள். யாரும் யாரையும் இறங்கச் சொல்வதில்லை.

நானும் இறங்கினேன். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி நின்றது. அதன் டிரைவர் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கீழே குதித்தார். பார்த்தால் லாலன்.

லாலன் பீகார்க்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக லாரி ஓட்டுகிறார். பேசுவது பாதி போஜ்புரி, பாதி வங்காளம். நான் இங்கே தமிழில் எழுதிவிடுகிறேன். அன்று அவர் வண்டியில் இருந்தது நான் ஏற்பாடு செய்த சரக்குதான். நேபாளத்துக்குப் போகிற கம்பளி.

"என்ன லாலன், இன்னும் ஊரைத் தாண்டலையா?"

"ரோடே எழுந்து நிக்குது தீதி. நான் எங்கே போறது, மேலேயா?"

அதற்குள் ஒரு குழந்தை "ஜாஹாஜ் ஆஷ்சே!" என்று கத்தியது. கப்பல் வருகிறது.

முதலில் கப்பல் தெரியவில்லை. ரோட்டின் குறுக்கே ஒரு சுவர் நகர்ந்து வந்தது. கறுப்பு இரும்புச் சுவர். துரு வழிந்த கோடுகள். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து வீங்கிப்போன ஆணித் தலைகள். தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் பச்சைப் பாசி. எந்த ஊர்க் கடலில் முளைத்ததோ. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய பொருள் சத்தம் போடாமல் நகர்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்கிறேன்.

பக்கத்துக் கட்டடங்களைவிடக் கப்பல் உயரம். அதன் நிழல் எங்கள் மேல் விழுந்தது. வெயிலில் வெந்துகொண்டிருந்த ரோடு சட்டென்று குளிர்ந்தது. பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். மேலே தளத்தில் ஒரு மாலுமி பல் தேய்த்துக்கொண்டே எங்களைப் பார்த்தான். அவன் பின்னால் கொடியில் லுங்கி மாதிரி ஏதோ காய்ந்தது. உலகத்தைச் சுற்றி வருகிறவனும் துணி துவைத்துக் காயப்போட வேண்டியிருக்கிறது.

"தீதி, இதுக்குள்ளே எங்க பேட்டை முழுசையும் ஏத்திடலாம்," என்றார் லாலன்.

"உன் மாமியாரையும் ஏத்திடு."

"அவங்களை ஏத்தினா கப்பல் முழுகிடும்."

சொல்லிவிட்டு, கப்பல் கடந்து முடிகிற நேரத்தில் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார்.

"இதைப் போய் எதுக்குக் கும்பிடறே?"

"எவ்வளவு பெரிசு தீதி! பெரிசைப் பார்த்தா கை தானா போகுது."

பாலம் இறங்கியது. வண்டிகள் உறுமின. லாலன் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

பெட்டி சொன்னது

லாலன் ஓட்டியது புது லாரி. அதில் நம்முடைய கண்ணாடிக் கட்டடத்து நிறுவனம் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தது. வண்டி எங்கே இருக்கிறது, இன்ஜின் ஓடுகிறதா, கதவு திறந்ததா, டிரைவர் சீட்டில் இருக்கிறாரா, எல்லாவற்றையும் அந்தப் பெட்டி சொல்லும். சரக்குக்குச் சொந்தக்காரர்கள் இப்போது பெட்டி இல்லாத வண்டியில் சரக்கு ஏற்ற மாட்டேன் என்கிறார்கள்.

பெட்டி சொன்னது இவ்வளவுதான். துறைமுகப் பக்கம், அதாவது அவர்கள் கணக்கில் திருட்டு பயம் உள்ள இடம். வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. கதவு திறந்தது. டிரைவர் சீட்டில் இல்லை. நான்கையும் கூட்டினால் சிவப்பு. பக்கத்தில் நின்ற பழைய வண்டிகளில் பெட்டி இல்லை. அதனால் அவற்றின் டிரைவர்கள் எல்லோரும் யோக்கியர்கள்.

பர்த்வான் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் லாலனை நிறுத்தினார்கள். சாவியை வாங்கி வேறு டிரைவர் கையில் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, மேலிருந்து உத்தரவு என்றார்கள். லாலன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார்.

கம்பளி பத்திரமாக நேபாளம் போய்ச் சேர்ந்தது. பூட்டு உடையவில்லை, மூட்டை குறையவில்லை. சரக்கை வாங்கியவர் சந்தோஷமாக எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். ஆனாலும் சிவப்பு சிவப்புதான். அந்தப் பெட்டியை வாங்கியிருக்கிற லாரி கம்பெனிகள் எல்லாம் ஒரே பட்டியலைப் பார்க்கின்றன. லாலன் போய் நின்ற இடத்தில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

இப்போது அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மெட்டியாபுருஸில் டோட்டோ ஓட்டுகிறார். பேட்டரி ரிக்ஷா. மலை ஏறி எல்லை தாண்டிப் போன கை, சந்துக்குள் மீன் கூடைக்காரம்மாவை ஏற்றி இறக்குகிறது. டோட்டோ ஓட்டுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டு வாங்கிய வேலை அது இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

கடல் இல்லாத ஊரின் கடல்

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். கம்பளியைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு மேலே போக முடியாது.

நேபாளத்துக்குக் கடல் கிடையாது. அதன் கடல் எங்கள் கிடர்பூர். உலகத்தின் அடிமூலையில் ஒரு நாட்டில் ஆட்டுக்கு முடி வெட்டுகிறார்கள். அது மூட்டையாகி, கன்டெய்னரில் ஏறி, பெரிய கப்பலில் வருகிறது. அந்தப் பெரிய கப்பல் எங்கள் நதிக்குள் நுழைய முடியாது. நதி முழுக்க வண்டல். அதனால் வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் சின்னக் கப்பலுக்கு மாற்றுகிறார்கள். சின்னக் கப்பல் என்று நான் சொல்வதுதான் எங்கள் ரோட்டின் மேல் அவ்வளவு பெரிய நிழலைப் போட்டது. பெரியது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னக் கப்பலும் நினைத்த நேரத்தில் உள்ளே வர முடியாது. முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். கடல் தண்ணீர் நதிக்குள் ஏறும்போது, நதியின் வளைவு நெளிவு தெரிந்த மாலுமி ஒருவர் ஏறிக்கொண்டு அதை மெல்ல உள்ளே கொண்டுவருவார். நிலா இழுக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, கப்பல் வருகிறது, ரோடு பிளக்கிறது, லாலன் வண்டியை நிறுத்துகிறார். காத்மாண்டுவில் ஒருத்தி தறி முன்னால் உட்கார்ந்து கம்பளிக்காகக் காத்திருக்கிறாள்.

குளிர்காலத்தில் நேபாளத்துக்காரர்கள் கல்கத்தாவில் வரிசையாகக் கடை போட்டு ஸ்வெட்டர் விற்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அங்கே போய் நான் ஒரு ஸ்வெட்டரைத் தடவிப் பார்ப்பேன். நீ என் லாரியில் போனவனா என்று மனசுக்குள் கேட்பேன். வாங்குவதில்லை. கல்கத்தா குளிருக்கு ஸ்வெட்டர் எதற்கு? ஆனால் வங்காளிகள் குரங்குக் குல்லாயே போடுவார்கள், அதைப் பற்றி இன்னொரு சமயம் திட்டுகிறேன்.

கண்காணிக்கிற பெட்டியே கூடாது என்று நான் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். அவர் காலத்தில் வேகன் கிளம்பினால் போய்ச் சேரும் வரை அது எங்கே இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு முறை ஒரு வேகன் வெங்காயம் காணாமல் போனது. எழுதாத கடிதம் இல்லை, அடிக்காத தந்தி இல்லை. கடைசியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் ஓரத் தண்டவாளத்தில் நின்றதை மூக்கால் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் அந்த வெங்காயத்தை மோந்து பார்க்கச் சொல்வேன்.

சுவர்

லாலனுக்காகப் பேச நான் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனேன். போனில் பேசிப் பார்த்தேன், மெயில் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போனால் கத்தலாம் என்று போனேன்.

வரவேற்பறையில் உட்கார வைத்து ஐஸ் மாதிரி ஏசியைத் திறந்துவிட்டார்கள். நான் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "இவங்க என்னை விறைக்க வெச்சே அனுப்பிடப் பார்க்கிறாங்க" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் போன ஒரு பையன் நின்றுவிட்டான்.

"ஏனுங்க, நீங்க தமிழுங்களா?"

பிரவீன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. திருப்பூர்க்காரன். அந்த நிறுவனத்தில் லாரிகளைச் சுவரில் கவனிக்கிற பிரிவில் வேலை. கல்கத்தாவுக்கு வந்து இரண்டு வருஷம். சாம்பாருக்கு ஏங்கிப் போயிருந்தான் என்று பிறகு தெரிந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தான்.

"உள்ள வாங்க மேடம். பாத்தே பேசலாமுங்க."

உள்ளே போனதும் நான் திட்ட வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்து போயின.

ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திரை. அதில் நாடு. நேபாளத்து மலையடிவாரத்திலிருந்து கடல் வரை புள்ளிகள் ஊர்ந்தன. பச்சைப் புள்ளிகள், எறும்பு எறும்பாக. எல்லையில் ஒரு கொத்து. சிலிகுரிப் பக்கம் ஒரு கொத்து. கீழே நீல நிறத்தில் நதி விரிகிற இடத்தில் பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றன.

"அதெல்லாம் என்னப்பா?"

"ஷிப்புங்க. தண்ணி ஏறட்டும்னு காத்திருக்குதுங்க."

என் வாழ்நாள் முழுக்கக் காதால் கேட்ட விஷயம் அது. "கப்பல் மொனையில நிக்குது" என்று, அதாவது முகத்துவாரத்தில் காத்திருக்கிறது என்று, நானே ஆயிரம் பேரிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அது நிற்பதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா இதைப் பார்த்திருந்தால் அந்த வெங்காய வேகனைத் தேடியிருப்பார்.

"நல்லாருக்குங்களா?" என்றான் பிரவீன். அவன் முகத்தில் பெருமை. இருக்கட்டும், பெருமைப்பட வேண்டியதுதான்.

"நல்லாருக்கு. எங்க பாலம் எங்கே?"

"எந்தப் பாலமுங்க?"

கிடர்பூரைப் பெரிதாக்கச் சொன்னேன். ரோடு மஞ்சள் கோடு. வாய்க்கால் நீலக் கோடு. மஞ்சள் நீலத்தின் மேலே நேராகப் போனது. பாலம் எழும் என்பதற்கு அந்தச் சுவரில் ஒரு அடையாளமும் இல்லை.

"இது ரோடுதானுங்க மேடம்."

"ரோடுதான். எழுந்து நிக்கிற ரோடு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். லாலன் சிவப்பு வாங்கிய நாளைத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னேன். லாலனின் புள்ளி மஞ்சளில் வந்து நின்றது. சிவப்பானது.

"இப்ப கப்பலையும் சேர்த்து ஓட்டு."

"அது வேற டீமுங்க. ஷிப் பாக்குறவங்க தனி, நாங்க தனி. ரெண்டையும் ஒண்ணா யாரும் போட்டுப் பாத்ததில்லீங்க."

எழுந்து போய் இன்னொரு மேஜைக்காரியிடம் ஏதோ கேட்டு வந்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டான். பெரிய புள்ளி நீலத்தில் மெல்ல ஊர்ந்து வந்து, மஞ்சளைக் குறுக்கே கடந்து போனது. அது கடக்கும் வரை லாலனின் புள்ளி பக்கத்தில் நின்றது. கடந்ததும் நகர்ந்தது. பிரவீன் அதை மறுபடியும் ஒரு முறை ஓட்டினான்.

சாட்சி அந்தச் சுவரிலேயே இருந்தது. கப்பல் பார்க்கிறவர் லாரியைப் பார்க்கவில்லை, லாரி பார்க்கிறவர் கப்பலைப் பார்க்கவில்லை.

நின்றது சரி, இறங்கியது ஏன்?

பிரவீன் மேலே எழுதினான். மேலே என்றால் நீங்கள்தான், கட்டுரையின் ஆரம்பத்தில் நான் பிடித்துக்கொண்டவர். உங்கள் பதிலை அவன் எனக்குப் போனில் படித்துக் காட்டினான். கப்பல் கடந்தது உண்மை, ஆகவே வண்டி நின்றது சரி. ஆனால் இன்ஜினை அணைத்ததற்கும், கதவைத் திறந்து சீட்டை விட்டு இறங்கியதற்கும் காரணம் இல்லை. டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். சிவப்பு நீடிக்கும்.

"உட்கார்ந்திருக்கலாமாமே! இந்த மனுஷன் கப்பலைப் பாத்திருக்காரா?"

"தெரியலீங்க. நானே பாத்ததில்லீங்க."

நீங்கள் அதோடு விடவில்லை. நிறுவனத்தின் சொந்த வேனில் அதே பெட்டியைப் பொருத்திக்கொண்டு போய், பாலம் எழும்போது ஒரு ஆள் உள்ளேயே உட்கார முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொன்னீர்கள். அந்த வேலையை பிரவீன் தலையிலேயே கட்டினீர்கள்.

"நான் உக்காந்து காட்டிட்டா லாலன் கதை முடிஞ்சுதுங்க மேடம். உக்காராம இருந்தா என் கதை முடிஞ்சுது."

"உக்காருப்பா," என்றேன். வேறு என்ன சொல்ல? அவனுக்கும் திருப்பூரில் அம்மா அப்பா இருக்கிறார்கள்.

அடுத்து பகலில் தண்ணீர் ஏறிய நாளில் போனோம். லாலனும் டோட்டோவை ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்தார். பிரவீன் வேனை ஓட்டி வந்து பாலத்துக்கு முன்னால் நின்றான். மணி அடித்தது. ஒவ்வொரு வண்டியாக அணைந்தது. வேன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஓ தாதா, பந்த் கரோ!" என்று, இன்ஜினை அணைக்கச் சொல்லி, பஸ் கண்டக்டர் கத்தினார்.

மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா வங்க மொழியில் கேட்டாள்: "டீசல் உங்க மாமனார் வீட்டுச் சீதனமா?"

பிரவீன் கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் அவனை வெளியே வா என்று கூப்பிடவில்லை. லாலனும் கூப்பிடவில்லை. இதை உங்களுக்காக எழுதுகிறேன், பிறகு எங்கள் மேல் பழி சொல்லாதீர்கள்.

கப்பல் வந்தது. இந்த முறை கன்டெய்னர் அடுக்கிய கப்பல். சிவப்பு, நீலம், சாம்பல், பச்சை, பெட்டி மேல் பெட்டி, ஒரு ஊரையே அடுக்கி நகர்த்திக்கொண்டு வந்த மாதிரி. முகப்பு எங்களைக் கடந்தது. வெள்ளை எழுத்தில் பெயர் தெரிந்தது.

வேன் இன்ஜின் அணைந்தது.

கதவு திறந்தது. பிரவீன் இறங்கி ரோட்டில் ஓடி வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம், இது அந்த ஷிப்புங்க! இத்தன நாளா மொனையில நின்னுட்டு இருந்துச்சு. தெனமும் காலைல மொதல்ல இதத்தான் பாப்பேனுங்க. புள்ளியா இருந்துச்சுங்க, புள்ளியா..."

நிழல் எங்கள் மேல் விழுந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. நான் சொன்னேனே, என் வாழ்க்கையில் வாயைப் பிளந்து பார்த்த இரண்டு காட்சிகள் என்று. ஒன்று அந்தச் சுவர். இன்னொன்று கப்பல் என்றுதான் எழுத நினைத்தேன். இப்போது எழுதும்போது, அந்தப் பையனின் முகமாக இருக்குமோ என்று தோன்றுகிறது.

கப்பல் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு போனது. பிரவீன் பாக்கெட்டில் போன் கிர்ரென்றது. எடுத்துப் பார்த்தான்.

"சிவப்பு," என்றான். "எம் பேர்ல."

"அய்யோ! ஏன்டா ஆஃப் பண்ணினே?"

"அதோட சத்தத்தக் கேக்கணும்னு தோணுச்சுங்க. சத்தமே இல்லீங்களே மேடம்!"

லாலன் அவன் தோளில் கை போட்டார். "வா தம்பி, டோட்டோ ஓட்டச் சொல்லித் தரேன். முதல் நாள் பிரேக் மட்டும்."

மூன்று பேரும் ரோட்டில் நின்று சிரித்தோம். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டின. சிரித்து முடித்ததும் பிரவீன் அந்தப் போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

ஒரே மத்தியானம்

பிரவீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மத்தியானம் அவன் ஆபீசுக்குத் திரும்பிப் போவதற்குள் சிவப்பு போய்விட்டது. சோதனையில் வந்த சிவப்பு, செல்லாது என்று போட்டு அழித்துவிட்டார்கள். நல்லது. அவன் வேலை போகக் கூடாது என்று நான் காளிகாட்டுக் காளியிடம் வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆனால் சிவப்பை அழிக்க முடியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை என்னிடம் எல்லோரும் சொன்னது, சிஸ்டம் போட்டது, மனிதர் தொட முடியாது என்று. மனிதர் தொட்டிருக்கிறார். ஒரு மத்தியானத்தில் தொட்டிருக்கிறார்.

இதை எழுதட்டுமா என்று பிரவீனைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தான். "எழுதுங்க மேடம். பேர மட்டும் மாத்திப் போடுங்க." லாலனைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "என் பேரைப் போடுங்க தீதி. நான் என்ன திருடனா, ஒளிஞ்சுக்க?"

இப்போது உங்களிடம் வருகிறேன். உங்கள் வீட்டில் யாரோ தமிழ் படிக்கிறார்கள் என்று பிரவீன் சொன்னான். அவர்களை விட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சுவரை நான் மதிக்கிறேன். அதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். அதே பாலம், அதே பெட்டி, அதே நான்கு குற்றம். கண்ணாடி அறையில் வேலை செய்கிறவன் இறங்கியபோது அது சோதனை. லாரி ஓட்டுகிறவர் இறங்கியபோது அது திருட்டு. இந்த வித்தியாசம் எந்தப் பெட்டிக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்.

லாலனின் சிவப்பை ஏன் அழிக்கவில்லை? எனக்குத் தனியாக மெயில் போட வேண்டாம். ஆள் அனுப்பிப் பேச வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். இடம் தருவதாக ஆசிரியர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கப்பல் ரோட்டைக் கடக்கும்போது இறங்கி நின்று பார்ப்பது குற்றம் என்றால், குற்றம் என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஊர் படிக்கட்டும்.